கோர்ட் கேஸ் இழுத்துக்கிட்டே போகுதா? சமரச மையத்துக்கு முதல் தடவ போறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்க குடும்பத்துல ஒரு பாகப்பிரிவினை கேஸ் 11 வருஷம் ஓடுச்சு. தாத்தா போனப்புறம் அப்பா, பெரியப்பா, அத்தை மூணு பேருக்கும் சேர்த்து நாலு ஏக்கர் சொச்சம் நிலம், ஒரு கிணறு, ஒரு இலவச கரண்ட் சர்வீஸ், ஒரு ஓட்டு வீடு, மொத்த சொத்தே அவ்வளவுதான். ஆளுக்கு மூணுல ஒரு பங்குன்னு முதல்நிலை டிக்ரி (கோர்ட்டோட தீர்ப்பாணை) வர 8 வருஷம் ஆச்சு, அந்த பங்கு எந்தப் பக்கம் யாருக்குன்னு முடிவு பண்ண கோர்ட் ஒரு வக்கீல கமிஷனரா போட்டு சர்வேயர் வந்து அளந்து அதுக்கு ரெண்டு தரப்பும் ஆட்சேபணை போட்டு இன்னொரு 3 வருஷம் போயும் முடியல. கடைசில அதே கோர்ட் வளாகத்துல இருக்கற சமரச மையத்துல நாலு சிட்டிங்ல முடிஞ்சுது. அதுல இருந்து ஊர்ல, சொந்தத்துல யாருக்கு கேஸ்னாலும் எனக்கு போன் வருது, அங்க போனா என்ன கேப்பாங்க, காசு எவ்வளவு ஆகும், கையெழுத்து வாங்கி ஏமாத்திடுவாங்களான்னு. எல்லாருக்கும் சேர்த்து இங்க எழுதிடறேன். நான் வக்கீல் இல்ல, கேஸ்ல மாட்டி வெளிய வந்தவன், அதனால உங்க கேஸுக்கு உங்க வக்கீல் சொல்றதையும் கேட்டுக்கோங்க.

முதல்ல இது என்னன்னு தெளிவாகிக்கோங்க. மீடியேஷன்னா, தீர்ப்பு சொல்ல அதிகாரமே இல்லாத ஒரு நடு ஆள் முன்னாடி ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி தாங்களே ஒரு முடிவுக்கு வர்றது. அந்த ஆளை தமிழ்ல சமரசர்னு சொல்றாங்க, ஆனா பேச்சுல எல்லாரும் மீடியேட்டர்னுதான் சொல்வாங்க. பெரும்பாலும் பயிற்சி எடுத்த வக்கீலா இருப்பாங்க, சில இடத்துல ரிட்டயர்ட் ஜட்ஜ். நம்ம ஆளுங்க இத கட்டப்பஞ்சாயத்தோட சேர்த்து குழப்பிக்கறாங்க, அந்த குழப்பம்தான் பாதி பேர அங்க போகவிடாம பண்ணுது. கட்டப்பஞ்சாயத்துல ஆள் பலம் இருக்கறவன் முடிவு சொல்வான், நீங்க தலையாட்டணும். இங்க மீடியேட்டர் முடிவே சொல்லக்கூடாது, உங்களுக்கு பிடிக்கலனா எந்த நிமிஷமும் எந்திரிச்சு வந்துடலாம், கேஸ் விட்ட இடத்துல இருந்து அப்படியே தொடரும். ஸ்டேஷன்ல வச்சு எழுதி வாங்கற "சமாதானம்" இருக்கு பாருங்க, அதுவும் இது இல்ல.

இந்தியாவுல கோர்ட்டோட சேர்ந்த முதல் சமரச மையமே நம்ம சென்னை ஹைகோர்ட் வளாகத்துலதான் ஆரம்பிச்சாங்க, 2005 ஏப்ரல் 9ஆம் தேதி. சீனியர் வக்கீல் ஸ்ரீராம் பஞ்சு அதுக்கு முக்கியமா உழைச்சவர்ல ஒருத்தர். சிவில் நடைமுறை சட்டத்துல 89ஆம் பிரிவுன்னு ஒண்ணு 2002ல நடைமுறைக்கு வந்துச்சு, கோர்ட்டே கேஸ வெளிய பேசி தீர்க்க அனுப்பலாம்னு அது சொல்லுது. இப்ப மாவட்டத்துக்கு மாவட்டம் மையம் இருக்கு, நிறைய தாலுகா கோர்ட்லயும் நடக்குது. நாடு முழுக்க 5 கோடிக்கு மேல கேஸ் தேங்கி கிடக்கு, அதுல பெரும்பகுதி நம்ம மாதிரி ஆளுங்க போற மாவட்ட, தாலுகா கோர்ட்லதான். உங்க ஜட்ஜ் நல்லவரா இருந்தாலும் ஒரு நாளைக்கு அவர் முன்னாடி இருக்கற கட்டுல உங்க கேஸும் ஒண்ணு, கூப்பிட்டு வாய்தா போடவே நேரம் சரியா இருக்கும்.

உங்க பிரச்சனை இதுக்கு ஏத்ததான்னு பாக்கறது முதல் வேலை. பங்காளி சண்டை, வரப்பு தகராறு, பாதை, தண்ணி, பக்கத்து வீட்டு சுவர், வீட்டு ஓனர் வாடகைதாரர், கடன் பணம், பார்ட்னர்ஷிப் கணக்கு, பில்டர் பிரச்சனை, ஜீவனாம்சம், புருஷன் பொண்டாட்டி பிரிவு, குழந்தை யார்கிட்ட இருக்கணும், ஆக்சிடென்ட் இழப்பீடு, செக் ரிட்டர்ன், இதெல்லாம் தாராளமா போகலாம். செக் கேஸ்னா சீக்கிரம் பேசிடுங்க, லேட்டா சமரசம் ஆனா செக் தொகைல குறிப்பிட்ட ஒரு பங்க சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு (இலவச சட்ட உதவி தர்ற அரசு அமைப்பு) கட்டச் சொல்வாங்க. எது போகாதுன்னா, போர்ஜரி, ஆள்மாறாட்டம் மாதிரி பெரிய மோசடி குற்றச்சாட்டு உள்ள கேஸ், எலக்‌ஷன் கேஸ், ஊர் மொத்தத்துக்கும் சம்பந்தப்பட்ட பொதுநல கேஸ். 2010ல ஒரு கட்டுமான கம்பெனி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு ஒரு பட்டியலே கொடுத்துருக்கு. பாலியல் வன்கொடுமைல சமரசம்ங்கற பேச்சே கூடாதுன்னு 2015ல சுப்ரீம் கோர்ட் கண்டிப்பா சொல்லிடுச்சு, யாராவது அப்படி ஒரு பேச்சோட உங்க வீட்டுக்கு வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

இதுல நான் ஒண்ணு அழுத்தி சொல்லணும். அடி வாங்கிட்டு இருக்கற ஒரு பொண்ணு, அடிக்கற ஆள் பக்கத்துல உக்காந்து "பேசி தீர்த்துக்கறேன்"னு சொன்னா அது சம்மதம் இல்ல, பயம். அப்படி இருந்தா பாதுகாப்பு உத்தரவுதான் முதல்ல, பேச்சு அப்புறம். மையத்துக்கு போயே ஆகணும்னு ஆனாலும், ஒரே ரூம்ல உக்கார முடியாது, தனித்தனியா பேசுங்கன்னு மீடியேட்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லலாம். சொல்ல கூச்சப்படாதீங்க.

அடுத்தது, எந்த கதவு வழியா உள்ள போறது. கேஸ் ஏற்கனவே நடக்குதுன்னா ரொம்ப சுலபம், உங்க வக்கீல் மூலமா மீடியேஷனுக்கு அனுப்புங்கன்னு ஜட்ஜ் முன்னாடி கேக்கலாம், மெமோ போடலாம். எதிர் தரப்பு ஒத்துக்கலனா கூட ஜட்ஜ் ரெண்டு பேரையும் அனுப்ப முடியும், ஆனா அங்க போய் கையெழுத்து போடுன்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கேஸ் எந்த நிலைல இருந்தாலும் பரவால்ல, அப்பீல்ல இருந்தாலும் கேக்கலாம், எங்களது இறுதி டிக்ரி நிலைல இருந்துச்சு. கோர்ட் அனுப்பற கேஸுக்கு மீடியேட்டருக்கு நீங்க பீஸ் தர வேண்டியதில்ல, யாராவது உள்ள பணம் கேட்டா அது தப்பு, அனுப்பின ஜட்ஜ்கிட்டயே சொல்லுங்க.

கேஸே இன்னும் போடலனா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ், இல்லனா தாலுகா கோர்ட்ல இருக்கற வட்ட சட்டப்பணிகள் குழு. அங்க ஒரு வெள்ளைத்தாள்ல எதிர் தரப்பு பேரு விலாசத்தோட என்ன பிரச்சனைன்னு எழுதி கொடுத்தா அவங்க எதிர் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பி கூப்பிடுவாங்க, இதுக்கு கோர்ட் பீஸ் கிடையாது. 15100ங்கற இலவச நம்பருக்கு அடிச்சு விசாரிச்சுக்கலாம். பொம்பளைங்க, எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், இவங்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீலும் உண்டு, இது நிறைய பேருக்கு தெரியாது. ஆனா இந்த வழில ஒரு ஆபத்து இருக்கு. கேஸ் போடாம பேசிக்கிட்டே இருக்கும்போது காலவரம்பு ஓடிக்கிட்டே இருக்கும், கடன் பணத்துக்கு பொதுவா 3 வருஷம்தான், எதிர் தரப்பு வேணும்னே "பேசலாம் பேசலாம்"னு இழுத்து அந்த 3 வருஷத்த தாண்ட வச்சுடுவாங்க. தேதி நெருங்கிருச்சுன்னா கேஸ போட்டுட்டு அப்புறம் பேசுங்க.

வியாபார தகராறு, தொகை 3 லட்சத்துக்கு குறையாம இருக்கு, அவசர ஸ்டே மாதிரி எதுவும் தேவையில்லன்னா உங்களுக்கு வேற வழியே இல்ல, வணிக நீதிமன்ற சட்டத்துல 12ஏ பிரிவுப்படி முதல்ல மீடியேஷனுக்கு போய்ட்டு வந்தாத்தான் கேஸே போட முடியும். போகாம நேரா போட்ட பிராத (கேஸ் மனுவ) தள்ளுபடி பண்ணணும்னு 2022 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. இதுக்கு மட்டும் பீஸ் உண்டு, அத ரெண்டு தரப்பும் பாதி பாதியா கட்டணும், 3 மாசத்துல முடியணும், ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா இன்னும் 2 மாசம். இந்த வழில போற நாள் காலவரம்புல சேராது, அந்த பயம் வேண்டாம்.

மக்கள் நீதிமன்றம்னு சொல்ற லோக் அதாலத்தும் இதுவும் ஒண்ணான்னு கேப்பாங்க. இல்ல. பேங்க் லோன், ஆக்சிடென்ட் இழப்பீடு மாதிரி எவ்வளவு பணம்ங்கறது மட்டும்தான் பாக்கின்னா அது சீக்கிரம் முடியும், அங்க பதிவாகற முடிவுக்கு அப்பீல் கிடையாது. ஆனா அண்ணன் தம்பி மனஸ்தாபத்துக்கு ஒரே நாள்ல நூத்துக்கணக்குல கேஸ் எடுக்கற இடம் பத்தாது, பொறுமையா உக்காந்து கேக்க ஆள் வேணும்.

இப்ப தயாராகறது. இத யாரும் பண்றதில்ல, எல்லாம் வக்கீல் பாத்துக்குவார்னு வெறுங்கையோட போயிடறாங்க. நாங்களும் முதல் சிட்டிங்குக்கு அப்படித்தான் போனோம், ஒரு மணி நேரம் பழச பேசி சத்தம் போட்டுட்டு வந்தோம். நிலம்னா பத்திரம், பட்டா, வில்லங்க சான்று, எஃப்எம்பி ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்), வாரிசு சான்று எல்லாத்துலயும் ஜெராக்ஸ் ஒரு செட் எடுத்து வைங்க. பணம்னா எப்ப எவ்வளவு கொடுத்தது எவ்வளவு வந்ததுன்னு ஒரே தாள்ல தேதி வாரியா எழுதுங்க. குடும்ப கேஸ்னா மாச செலவு கணக்கு, நகை சீர்வரிசை பட்டியல், சம்பள ரசீது.

அதவிட முக்கியம் இன்னொரு தாள். அதுல பிராதுல நீங்க கேட்டது என்னன்னு ஒரு பக்கம் எழுதுங்க, உண்மையில உங்களுக்கு வாழ்க்கைக்கு தேவையானது என்னன்னு இன்னொரு பக்கம் எழுதுங்க. ரெண்டும் ஒண்ணா இருக்காது. எங்கப்பா பிராதுல கேட்டது மூணுல ஒரு பங்கு, ஆனா அவருக்கு வேண்டியிருந்தது கோடைல தென்னைக்கு தண்ணியும் டிராக்டர் போற அளவுக்கு ஒரு பாதையும். கிணறு பெரியப்பா பக்கம் விழுந்துட்டா பங்கு கையில வந்தும் நிலம் காஞ்சு போயிடும், அந்த பயத்துலதான் கமிஷனர் போட்ட ஒவ்வொரு பிளானுக்கும் ஆட்சேபணை போட்டுக்கிட்டு இருந்தோம். கோர்ட் அத எப்படி தீர்க்கும், பிராதுல என்ன இருக்கோ அதுக்குத்தான ஜட்ஜ் பதில் சொல்ல முடியும். மீடியேஷனோட முழு பலமே பிராதுல இல்லாததையும் மேசைல வைக்கலாம்ங்கறதுதான், அதனாலதான் அந்த ரெண்டாவது பக்கத்த ராத்திரி உக்காந்து நேர்மையா எழுதுங்கன்னு சொல்றேன்.

யாரு போகணும்ங்கறதும் இருக்கு. முடிவு எடுக்கற ஆள் நேர்ல வரணும். வக்கீல மட்டும் அனுப்பறது, "வீட்ல கேட்டுட்டு சொல்றேன்"னு சொல்ற ஆள அனுப்பறது ரெண்டுமே நேர விரயம். முடிவு உண்மைல அம்மா கையிலயோ மருமக கையிலயோ இருந்தா அவங்களையும் கூட்டிட்டு போங்க, ரெண்டு தரப்பும் சம்மதிச்சா மீடியேட்டர் உக்கார விடுவாங்க. வெளிநாட்ல இருக்கற பிள்ளைங்கள வீடியோ கால்ல சேர்த்துக்க முடியுமான்னு முன்னாடியே கேட்டு வைங்க. வக்கீல் கூட வரலாம், வரட்டும், ஆனா பேசறது நீங்களா இருக்கணும்.

முதல் நாள் உள்ள போனா கோர்ட் ஹால் மாதிரி கூண்டு மேடை எதுவும் இருக்காது, ஒரு மேசை, சுத்தி நாற்காலி. மீடியேட்டர் தன்ன பத்தி சொல்லி, இங்க பேசறது எதுவும் வெளிய போகாதுன்னு சொல்லித்தான் ஆரம்பிப்பாங்க. அத நம்பலாம், பேச்சு முறிஞ்சா அவங்க கோர்ட்டுக்கு அனுப்பற ரிப்போர்ட்ல முடியலன்னு மட்டும்தான் எழுதணும், யாரு என்ன சொன்னாங்கன்னு எழுதக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்கு. "அன்னிக்கு அஞ்சு லட்சம் வாங்கிக்கறேன்னு சொன்னியே"ன்னு பின்னாடி கோர்ட்ல உங்கள மடக்கவும் முடியாது. அதே மாதிரி நீங்களும் அங்க ரெக்கார்ட் பண்ணாதீங்க, போன ஆப் பண்ணிடுங்க.

ரெண்டு தரப்பும் ஒரு தடவ முழுசா சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசாதீங்க. கஷ்டம்தான், பொய் சொல்றாங்கன்னு நெஞ்சு கொதிக்கும், தாள்ல குறிச்சுக்கோங்க. அப்புறம் மீடியேட்டர் ஒவ்வொரு தரப்பையும் தனியா கூப்பிட்டு பேசுவாங்க. எதிர் தரப்பு ரொம்ப நேரம் உள்ள இருந்தா நமக்கு எதிரா என்னமோ நடக்குதுன்னு தோணும், அப்படி இல்ல. அந்த தனி பேச்சுல மனசுல இருக்கறத ஒளிக்காம சொல்லுங்க, எத எதிர் தரப்புகிட்ட சொல்லலாம் எத சொல்லக்கூடாதுன்னும் சேர்த்து சொல்லிடுங்க, நீங்க வேண்டாம்னா அவங்க சொல்ல மாட்டாங்க.

எங்க மூணாவது சிட்டிங்ல நடந்தத சொல்றேன், அத்தைகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அத்தை அதுவரைக்கும் எதுக்குமே ஒத்து வரல, எந்த பிளான் காட்டினாலும் வேண்டாம். மீடியேட்டர் அம்மா, அவங்களும் அத்தை வயசுதான் இருக்கும், "பங்க விடுங்கம்மா, இந்த 11 வருஷத்துல உங்களுக்கு எது அதிகமா வலிச்சுது"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. அத்தை கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, கேஸ் போட்ட வருஷத்துல இருந்து பொங்கச் சீர் வரலன்னு சொன்னாங்க. ரெண்டு கூடப்பிறந்தவங்க இருந்தும் 11 பொங்கலுக்கு கதவ பாத்துக்கிட்டு இருந்தேன்னாங்க. பெரியப்பா தலைய குனிஞ்சவர் நிமிரவே இல்ல, அப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டார். அன்னிக்கு மதியத்துக்கு மேலதான் முதல் தடவையா பிளான மூணு பேரும் ஒரே பக்கமா உக்காந்து பாத்தாங்க.

இதுல ஒரு எச்சரிக்கை. அத்தை சீர் வந்துட்டா போதும்னு பங்க விட்டுக்கொடுக்கல, விட்டுக்கொடுக்கவும் கூடாது. தார் ரோட்டு ஓரமா தன் பங்க முழுசா வாங்கினாங்க. பொறந்த வீட்டு பாசத்த காட்டி பொண்ணுங்ககிட்ட, பங்க விட்டுக்கொடுத்துட்டேன்னு எழுதற விடுதலை பத்திரத்துல கையெழுத்து வாங்கறது நம்ம ஊர்ல சாதாரணமா நடக்குது, சமரசம்ங்கற பேர்ல அது மறுபடி நடந்துடக்கூடாது. கையெழுத்துக்கு முன்னாடி உங்களுக்கு சட்டப்படி எவ்வளவு வரும்னு தனியா ஒரு வக்கீல்கிட்ட கேட்டு தெரிஞ்சுக்கோங்க, தெரிஞ்சு விட்டுக்கொடுத்தா அது உங்க விருப்பம்.

பேச்சு முடிஞ்சதும் சந்தோஷத்துல அவசரப்பட்டு எழுதிடாதீங்க, சமரசம் உடையறது பெரும்பாலும் எழுத்துலதான். "கிணற்றை பொதுவில் அனுபவிப்பது"ன்னு ஒரு வரி எழுதினா அடுத்த சித்திரைல திரும்ப சண்டை. எங்களதுல ஒவ்வொருத்தருக்கும் எத்தன நாள் முறை, முறை எந்த கிழமை ஆரம்பிக்குது, மோட்டார் காயில் போனா செலவு மூணு பங்கா, தூர் வாரறது யாரு முடிவு, சர்வீஸ் பெரியப்பா பேர்ல இருந்தாலும் மூணு பேருக்கும் உரிமை, 10 அடி வண்டிப்பாதை எந்த சர்வே நம்பர் வழியா எங்க இருந்து எங்க வரைக்கும், அத்தை விக்கறதா இருந்தா முதல்ல அண்ணன் தம்பிகிட்ட கேக்கணும், இப்படி எழுதினோம், வரைபடத்தையும் சேர்த்து எல்லாரும் அதுலயும் கையெழுத்து போட்டோம். பணம் சம்பந்தப்பட்டதுன்னா தொகை, தேதி, டிடியா பேங்க் டிரான்ஸ்பரா, தவறினா வட்டி எவ்வளவு, எல்லாம் வரணும். ரெண்டு தரப்பும் போட்டுக்கிட்ட மத்த கேஸ், ஸ்டேஷன் புகார், தாசில்தார்கிட்ட போட்ட மனு, ஒவ்வொண்ணோட நம்பரும் போட்டு யாரு எப்ப வாபஸ் வாங்கறாங்கன்னு எழுதுங்க, ஒண்ண மறந்தா அது ஒரு நாள் சம்மனா திரும்பி வரும்.

சட்டப்படி கவனிக்க வேண்டியது சிலது. கேஸ்ல இருக்கற எல்லா பார்ட்டியும் கையெழுத்து போடணும். பங்குதாரர்ல யாராவது மைனர் இருந்தா ஜட்ஜ்கிட்ட தனியா அனுமதி வாங்காம சமரசம் அவங்கள கட்டுப்படுத்தாது. பிராதுல இல்லாத சொத்து ஏதாவது ஒப்பந்தத்துல நுழைஞ்சா அத சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல பதிவு பண்ணணும், கோர்ட் டிக்ரில இருக்கேன்னு விட்டுடாதீங்க. பாகப்பிரிவினைனா இறுதி டிக்ரிய ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி வாங்கணும், அதுக்கு யாரு செலவுன்னும் பேசி வைங்க. தமிழ் படிக்கறவங்களுக்கு தமிழ்லயே எழுதச் சொல்லுங்க, படிக்க தெரியாதவங்களுக்கு வரி வரியா படிச்சு காட்டச் சொல்லுங்க, ஒரு நாள் டைம் கேட்டு வீட்டுக்கு எடுத்துட்டு போய் பாக்கறதும் தப்பில்ல.

ஒப்பந்தம் மையத்துல இருந்து கோர்ட்டுக்கு போகும், ஜட்ஜ் உங்கள கேட்டு அத பதிவு பண்ணி டிக்ரி கொடுப்பார். அதுவரைக்கும் அது டிக்ரி இல்ல, அந்த வாய்தாவுக்கு மட்டும் கட்டாயம் போங்க. டிக்ரி ஆனப்புறம் எதிர் தரப்பு மீறினா புது கேஸ் போட வேண்டாம், அந்த டிக்ரிய அமல்படுத்தச் சொல்ற நிறைவேற்றுதல் மனு போதும். கட்டின கோர்ட் பீஸ் திரும்ப வரும், தமிழ்நாடு கோர்ட் பீஸ் சட்டத்துல 69ஏ அதுக்குத்தான் இருக்கு, கோர்ட் அனுப்பாம நீங்களே வெளிய பேசி முடிச்சாலும் கொடுக்கணும்னு 2021ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. பணப் பிராதுக்கு 3 சதவீதம் கட்டிருப்பீங்க, 10 லட்சம் கேஸ்னா 30 ஆயிரம், மனு போட்டு கேளுங்க.

முடியலனா? சில கேஸ் முடியாது. எங்க ஊர்லயே இன்னொரு குடும்பம் ஆறு சிட்டிங் போயும் முறிஞ்சு போச்சு, கேஸ் திரும்ப கோர்ட்டுக்கு போச்சு, ஆனா எதுல மட்டும் சண்டைன்னு தெளிவாயிடுச்சு, சாட்சி விசாரணை பாதியா குறைஞ்சுது. இன்டரிம் ஆர்டர் (இடைக்கால உத்தரவு) ஏதாவது இருந்தா அது போகாது. மறுபடி ஒரு வருஷம் கழிச்சு கேக்கவும் தடையில்ல.

கடைசியா ஒரு வேலை, இத தள்ளிப்போட்டுத்தான் நாங்க எட்டு மாசம் தொலைச்சோம். டிக்ரி கையில வந்ததும் சர்ட்டிபைட் காப்பி ரெண்டு மூணு வாங்கி, உட்பிரிவு பண்ணி தனித்தனி பட்டாவுக்கு விண்ணப்பம் கொடுத்துடுங்க. சர்வேயர் கல் நட வர்ற அன்னிக்கு எல்லா பங்காளியும் நிலத்துல இருங்க. எங்களுக்கு கல் நட்ட அன்னிக்கு அத்தைதான் வீட்ல இருந்து எல்லாருக்கும் சோறு கொண்டு வந்தாங்க.